வழுவும் ஓட்டையும்

வழு என்னுஞ் சொல் தமிழிலக்கணம் பயில்வார்க்குப் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் எழுவகையிடத்தும் நேருஞ் சொற்குற்றத்தை வழுவென்றும், குற்றமின்றி வருவதனை வழாநிலையென்றும், குற்றமேயாயினுங் காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதனை வழுவமைதியென்றும் நம் ஆசிரியர் பகுத்துரைப்பர். இச்சொல்லையே கணிப்பொறி நிரல்களில் நேரும் பிழைக்கும் இக்காலத்தார் பெயராக இட்டு வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் அதற்குப் பூச்சி என்று பெயர். தாமஸ் எடிசன் தம் கருவிகளில் நேர்ந்த சிறு கோளாறுகளை 1878-ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் இப்பெயராற் குறித்துள்ளார். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னுங் கணிப்பொறியினுள் மெய்யாகவே ஒரு விட்டிற்பூச்சி சிக்கிக்கிடப்ப, அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். எனினும், பூச்சியினும் வழுவே பொருத்தமுடைய பெயரென்பது எம் கருத்து. பூச்சி புறத்திருந்து வந்து புகுவது. வழுவோ எழுதினான் கையினின்றே பிறப்பது.

இவ்வாராய்ச்சி ஓர் அரிசி மூட்டையில் தொடங்கிற்று. எம் விடுதி உணவுக்கூடத்தின் வாயிலில் இறக்கி அடுக்கியிருந்த மூட்டைகளின்மேல் 26 கிலோ என அச்சிட்டிருந்தது. 25 என்றாதல் 50 என்றாதல் இன்றி 26 என்பது என்ன கணக்கோ என்று வியந்தேம். உடனிருந்த நண்பர் கணிப்பொறியியல் பயில்பவர். அவர் நகைத்து, அது சட்டத்திலுள்ள வழு என்றார். சட்டமும் ஒரு நிரலே; இன்னது நேரின் இன்னது செய்க என்னுங் கட்டளைகளின் கோவையே; ஆதலின் நிரலின் வழுவும் சட்டத்தின் ஓட்டையும் பெயரளவில் இரண்டேயன்றிப் பொருளளவில் ஒன்றே என்பது அவர் துணிபு. அன்று யாமும் உடன்பட்டேம். பின்னர் ஆராயுங்கால் அத்துணிபு பாதியளவே பொருந்துமெனக் கண்டேம். பொருந்தும் பாதியை முன்னர்க் கூறுவாம்.

மூட்டையின் வரலாறு இது. சரக்கு சேவை வரி 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பதிவுசெய்யப்பெற்ற வணிகப்பெயர் தாங்கிப் பையிலடைத்து விற்கும் அரிசிக்கு நூற்றுக்கு ஐந்து விழுக்காடு வரி. பதிவில்லாப் பெயரினதாயின் வரியில்லை. எளியார் உண்ணும் அரிசியை விடுத்து, பெயர்பெற்ற அரிசிக்கு மட்டும் வரி விதித்தல் விதியின் கருத்தாகலாம். ஆயினும் விதி தன் கருத்தை எழுதவில்லை. பதிவு என்னும் அடையாளத்தை எழுதிற்று. வணிகருட் சிலர் தம் பெயர்ப்பதிவை நீக்கிக்கொண்டனர். பை அதுவே, படம் அதுவே, பெயரும் அதுவே; பதிவு மட்டும் இல்லை, ஆகவே வரியும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஐதராபாத்தில் கூடிய வரி மன்றத்தார் இதனைக் கண்டு, 2017 மே 15-ஆம் நாளிற் பதிவிலிருந்த பெயர் பின்னர் நீக்கப்படினும் பதிவுற்றதாகவே கொள்ளப்படும் என்று ஒட்டுப்போட்டனர். பதிவின்றியும், தம் பெயரைப் பிறர் கவரின் வழக்குத் தொடரும் உரிமையுடையார்க்கு வரியுண்டு என்றும் விதித்தனர். அவ்வுரிமையைத் தாமே துறந்ததாக உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பையின்மேலும் அச்சிடுவார்க்கு விலக்களித்தனர். முற்றத் துறந்தாரை நூல்களிற் கற்ற யாம், பெயருரிமை துறந்து பொருள் துறவாத இவ்வகைத் துறவினை அரிசிப் பையின்மேற் கண்டேம்.

ஐந்தாண்டு கழிந்தபின், சண்டிகரில் கூடிய மன்றத்தின் முடிபுப்படி, 2022 ஜூலை 18 முதல் பழைய அடையாளம் நீங்கிப் புதிய அடையாளம் புகுந்தது: பெயர் எதுவாயினும், முன்னரே பொதிந்து விவரச்சீட்டு ஒட்டி விற்கும் அரிசிக்கு வரி. பொதிந்ததென்பது யாது என்பதற்கு இவ்விதி தானாக இலக்கணங் கூறவில்லை. எடையளவைச் சட்டத்தில் முன்னரே ஓரிலக்கணம் இருத்தலின் அதனை இரவல் வாங்கிற்று. அச்சட்டத்தின்கீழ் 2011-இல் எழுந்த பொதிபொருள் விதிகளோ 25 கிலோவுக்கு மேற்பட்ட பொதிகளைத் தம் ஆட்சியினின்றும் விலக்கியிருந்தன. அவ்விதிகள் வரிக்காக எழுந்தன அல்ல. கடையிற் பொதி வாங்குங் குடும்பத்தார் எடை, விலை, செய்தார் முகவரி முதலியன அறிந்து ஏமாறாதிருத்தற்பொருட்டு எழுந்தன. பெருமூட்டை வாங்குவார் பெரும்பாலும் வணிகராதலின் அவர்க்கு அக்காவல் வேண்டாவென விடப்பட்டது போலும். தானிருந்த இடத்தில் தக்கதாயிருந்த 25 என்னும் எல்லை, இரவல் சென்ற இடத்தில் வரியெல்லையாயிற்று. 25 கிலோ மூட்டைக்கு வரியுண்டு. 26 கிலோ மூட்டைக்கு இல்லை. அரிசி விற்போர் ஒரு கிலோவைக் கூட்டினர். தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் 26 கிலோ மூட்டை பிறந்த கதை இதுவே.

இதனாற் கெட்டவர் யாவர் என்றொரு கேள்வி எழும். 25 கிலோ மூட்டை 1,500 ரூபாய் எனக் கொள்வோம். அதன்மேல் வரி 75 ரூபாய். 26 கிலோவுக்கு ஒருசேரப் பணங்கொடுக்க வல்லான் இவ்வெழுபத்தைந்தைக் கொடான். திங்கட்கூலியில் மிஞ்சியதற்கு 5 கிலோப் பை ஒன்று வாங்குவான் தன் பங்கிற்குரிய வரியைக் கொடுத்தே தீர்வான். திறந்த மூட்டையிலிருந்து அளந்து வாங்குவார்க்கு வரியில்லை என்பது உண்மையே. ஆயினும் பையில் அடைத்ததனையே விற்குங் கடைகள் பெருகிவரும் நகரங்களில் அவ்விலக்குப் பலர்க்கும் எட்டுவதன்று. எளியார்க்கு இரங்கி எழுந்த வரியேற்பாடு, ஓட்டையின் வழியே புறப்படுங்கால் வலியார்க்கு இரங்குவதாய் முடிந்தது. எம் விடுதியும் 26 கிலோ மூட்டைதான் வாங்கிற்று. அதனை உண்ட யாமும் இதிற் பங்காளரே.

இரவற் சூத்திரத்தால் விளையும் இவ்விடர் நிரலெழுதுவார்க்கு மிகப் பழகியது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் தென்னமெரிக்கப் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ என்னுமிடத்தினின்றும் ஐரோப்பியரின் ஏரியன் 5 என்னும் ஏவூர்தி முதன்முறையாக எழுந்தது. ஏறத்தாழ 40 நொடியில் நெறிபிறழ்ந்து சிதறிற்று. காரணம் ஆராய்ந்தபோது, அதன் திசைகாட்டுங் கருவியின் நிரலில் ஒரு பகுதி முந்தைய ஏரியன் 4-க்கு எழுதியதனை அப்படியே எடுத்துவைத்ததெனத் தெரிந்தது. அப்பகுதி, கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 32,767-க்கு மேற்கொள்ளாத சிறு கலத்தினுள் ஊற்ற முயன்றது. பழைய ஊர்தியின் வேகத்திற்கு அக்கலம் போதும், புதிய ஊர்தி அதனினும் விரைந்தது, கலம் வழிந்தது, கருவி நின்றது. விந்தை என்னெனின், ஊர்தி மேலெழுந்தபின் அப்பகுதிக்கு வேலையே இல்லை. வேண்டாத இரவலே அழித்தது.

நூலுக்குரிய குற்றம் பத்தென வகுத்த நன்னூலார் குன்றக்கூறல், மிகைபடக்கூறல் என்னும் இரண்டனையும் முதற்கண் வைத்தார். தருக்கநூலார் இவற்றையே அவ்வியாத்தி, அதிவியாத்தி என்பர். அடங்கவேண்டியது அடங்காமை ஒன்று. அடங்கலாகாதது அடங்குதல் மற்றொன்று. ஏவூர்திக் கலமும் அரிசி மூட்டை எல்லையும் குன்றக்கூறலே. ஆண்டினைக் கடை இரண்டு இலக்கத்தால் எழுதிவைத்து 2000 நெருங்கியபோது உலகெங்கும் அஞ்சினரே, அதனைக் காலவழு என்றே கூறிவிடலாம். இம்மட்டும் நண்பர் கூறியது பொருந்தும். ஏன், நம் மூட்டைக்கு வழுவமைதியும் உண்டு. 2024 ஜூலையில், 25 கிலோவுக்கு மேற்பட்ட சில்லறைப் பொதிகளையும் தம் ஆட்சிக்குள் கொணரலாமா என நுகர்வோர் துறையார் கருத்துக் கேட்டனர். எடையளவை விதி மாறின் இரவல் வாங்கிய வரிவிதியும் தானே மாறிவிடுமன்றோ? அவ்வாண்டு டிசம்பரில் ஜெய்சல்மேரிற் கூடிய வரி மன்றத்தார், 25 கிலோ என்னும் எல்லையை வரிவிதியினுள்ளேயே எழுதிக்கொள்ளப் பரிந்துரைத்தனர். வழுவாய் வந்தது விதியாய் அமர்ந்தது. நிரலெழுதுவாரும் திருத்தலாகாத வழுவை இது வழுவன்று, சிறப்பு என்று சொல்லி நகைப்பதுண்டென நண்பர் கூறினார்.

இனிப் பொருந்தாப் பாதி. நிரலின் வழு ஒருவரும் விரும்பாமலே வெளிப்படும். ஏரியன் ஊர்தி தன் கலம் சிறிதென்று கண்டு, இதனால் யாது பெறலாமென எண்ணவில்லை. சட்டத்து ஓட்டையோ, நுழைவான் ஒருவன் இல்லாதவழிச் சும்மா கிடக்கும். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திற் கூறப்படுங் கொர்பான் என்னுங் காணிக்கையை அறியாதார் நம்முள் இலர். பெற்றோர்க்கு உதவவேண்டிய பொருளைக் கோயிற்குரியதென்று ஒரு சொற்சொல்லி, அவ்வுதவியினின்றும் நீங்கிக்கொண்ட மகனை அங்குக் காண்கின்றோம். விதியில் எழுத்துக்குறை யாதுமில்லை. குறை நுழைந்தவன் நெஞ்சில் இருந்தது.

இவ்வகை நெஞ்சினை வழக்குமன்று எங்ஙனம் ஆராய்கின்றது என்பதற்கு ஓர் அமெரிக்க வழக்கைக் கூறுவாம். ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரியேற்றியதற்கு எதிராக அமெரிக்கர் 1964 முதல் அயல்நாட்டுச் சரக்குவண்டிகளுக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தனர். ஆட்கள் ஏறும் வண்டிக்கோ இரண்டரையே. போர்டு நிறுவனத்தார் துருக்கியிற் செய்த தம் சிறு சரக்குவண்டிகளில் பின்னிருக்கைகளையும் சாளரங்களையும் வைத்து 2009 முதல் பால்டிமோர்த் துறைமுகத்தில் இறக்கினர். சுங்கம் கடந்தவுடன் இருக்கைகளைக் கழற்றி எறிந்து, சாளரம் இருந்தவிடத்துத் தகட்டைப் பொருத்திச் சரக்குவண்டியாக விற்றனர். துறைமுகத்து வாயிலில் நின்ற கணத்தில் அது மெய்யாகவே ஆட்கள் ஏறும் வண்டியே. 2013-இற் சுங்கத்தார் மறுத்தனர். 2017-இல் ஒரு மன்று நிறுவனத்தார்க்குச் சார்பாகவும், 2019-இல் மேல்மன்று எதிராகவுந் தீர்த்தன. கழற்றுதற்கென்றே வைத்த இருக்கை வண்டியின் இயல்பை மாற்றாது என்பது மேல்மன்றின் கருத்து. 2024-இல் நிறுவனத்தார் 36 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தனர்.

ஈண்டு மேல்மன்று செய்தது யாது? சூத்திரத்தின் எழுத்தை மட்டும் நோக்காது, அது யாதுபற்றி எழுந்ததென நோக்கி உரை கண்டது. சட்டத்திற்கு உரையாசிரியர் உண்டு. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரு சூத்திரத்திற்கு வெவ்வேறு பொருள் கூறுமாப்போலே, இரு மன்றுகள் ஒரு விதிக்கு இரு பொருள் கூறின. அதனாற் சில ஆண்டு குழப்பமும் நேர்ந்தது. ஆயினும் உரை இருந்தது. கணிப்பொறிக்கு அஃதில்லை. அது சூத்திரத்தையே உண்டு, சூத்திரத்தையே செய்யும். எழுதினான் கருத்து இதுவன்றே என அது ஐயுறாது. இவ்வொரு வேறுபாடே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

நம் இலக்கண நூலார் இன்னுமொரு காவல் வைத்தனர். இயலின் இறுதியிற் புறனடை என்றொன்று கூறி, எடுத்தோதாது எஞ்சியவற்றையும் இந்நெறியால் முடித்துக்கொள்க எனக் கற்பார்க்கு இடமளித்தனர். சட்டத்தாரும் இது செய்வர். வருமானவரிச் சட்டத்தில் 2012-இற் சேர்க்கப்பெற்று 2017 ஏப்ரல் முதல் ஆட்சிக்கு வந்த பொதுத் தடைவிதி அத்தகையது. வரியைத் தவிர்த்தலே தலைமை நோக்கமாகச் செய்த ஏற்பாட்டை, எழுத்தின்படி குற்றமற்றதாயினும் அதிகாரிகள் தள்ளிவிடலாம் என்பது அதன் சாரம். இப்புறனடை இருபுறமுங் கூரியது. சூத்திரம் குன்றியவிடத்து உதவும். அதுவே, எழுத்தை நம்பி நடந்தானை அதிகாரியின் நினைப்புக்கு அடிமையாக்கவுங் கூடும். அதனாற்போலும், வரிப்பயன் மூன்று கோடி ரூபாய்க்கு மேற்படாதவழி அது பாயாதென எல்லை வைத்தனர். அவ்வெல்லையின் அருகே 26 கிலோ மூட்டைகள் பல அடுக்கியிருக்குமென யாம் ஐயுறுகின்றேம்.

வழுவும் ஓட்டையும் தனித்தனியே நின்றால் இவ்வளவே. இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டபோது நேர்ந்ததனைக் கூறாவிடின் இக்கட்டுரை எழுதியதனாற் பயனில்லை.

இங்கிலாந்தில் கிளை அஞ்சலகங்களைத் தம் பொறுப்பில் நடத்துவோர் பல்லாயிரவர். அவருட் பலர் சிற்றூர்களில் மளிகைக்கடையோடு அஞ்சலகமும் நடத்துபவர். நம் நாட்டினின்று குடிபெயர்ந்தாரும் அவருள் உளர். கணக்கிற் பணங்குறையின் தாமே ஈடுசெய்தல் அவர்தம் ஒப்பந்தம். 1999 முதல் ஹொரைசன் என்னுங் கணிப்பொறி அமைப்பு அவ்வஞ்சலகங்களிற் புகுத்தப்பட்டது. அதன்பின் காரணந்தெரியாது பணம் குறைவதாகப் பொறி காட்டிற்று. அமைப்பில் வழுக்கள் இருந்தன. ஒன்று கூறுவாம்: பணம் பெற்றதனை உறுதிசெய்யுங்கால் திரை உறைந்து நிற்கும், பொத்தானை மறுபடி அழுத்துவர், திரை அசையாது, ஆனால் ஒவ்வோரழுத்தத்திற்கும் பணம் மீண்டும் வந்ததாக உள்ளே கணக்கேறும். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்னுமூரில் இங்ஙனம் 24,000 பவுன் வேறுபாடு காட்டிற்று.

குறையென்று பொறி காட்டியதனைக் களவென்று அஞ்சல் நிறுவனத்தார் கொண்டனர். தாமே குற்றவழக்குத் தொடரும் வழக்கமும் அவர்க்கு இருந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். வீட்டை விற்று ஈடுசெய்தார் உளர். சிறை சென்றார் உளர். உயிர் துறந்தாரும் உளர். 2010-இற் கருவுற்றிருந்த பெண்ணொருத்தியும் சிறைப்பட்டாள். உதவி வேண்டித் தொலைபேசியில் அழைத்தவர் பலர்க்கும், இக்குறை உமக்கன்றி வேறெவர்க்கும் நேர்ந்ததில்லை என்னும் விடையே கிடைத்தது.

இத்துணைப் பேர் வழக்கிலும் உரையாசிரியர் எங்கே போயினர்? மன்றுகள் திறந்தேயிருந்தன, நீதிபதிகள் இருந்தனர். இங்குத்தான் சட்டத்தின் பங்கு வருகின்றது. 1984-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 69-ஆம் பிரிவு, கணிப்பொறி தந்த சான்றினைக் குற்றவழக்கில் ஏற்குமுன் அப்பொறி செவ்வனே இயங்கியதென்று காட்டவேண்டும் எனக் கூறிற்று. பெரிய அமைப்புக்கு இங்ஙனங் காட்டல் அரிது, சிறு தடை சொல்லி வழக்கைக் கெடுத்தற்கும் இடமாகும் என்னுங் கருத்தால், 1999-இல் இயற்றிய சட்டத்தால் அப்பிரிவை நீக்கினர். 2000-இல் அது மறைந்தது. ஓட்டையொன்றை அடைத்தோமென்று அவர் எண்ணியிருத்தல் கூடும். பிரிவு போனவிடத்துப் பழைய பொதுவழக்கொன்று வந்து அமர்ந்தது: மாறானது காட்டப்படும் வரை கருவி ஒழுங்காகவே இயங்கியதெனக் கொள்க என்பது. கடிகாரத்திற்கும் நிறைகோலுக்கும் எழுந்த அவ்வழக்கு இரவலாகப் பெருநிரலுக்கும் போயிற்று. மாறு காட்டவேண்டியவர் சிற்றூர்க் கடைக்காரர். காட்டுதற்கு வேண்டிய ஏடுகளெல்லாம் எதிராளி கையில். அரிசி மூட்டையிலும் ஏவூர்தியிலும் கண்ட இரவல் இங்கே மனிதரைச் சிறையில் இட்டது. உரை கூறவேண்டிய மன்று, பொறி கூறியதனையே உரையெனக் கொண்டுவிட்டது.

2019 டிசம்பரில் உயர்நீதிமன்று, இவ்வமைப்பில் கணக்கைக் குறைத்துக்காட்டவல்ல வழுக்கள் இருந்தன எனத் தீர்த்தது. 2021-இல் மேல்முறையீட்டு மன்று 39 பேர்தம் தீர்ப்புகளை ஒருங்கே தள்ளிற்று. ஒவ்வொருவராக ஆராயின் எஞ்சியோர் விடுதலை காண்பதற்குள் இறந்துபடுவர் என்பது தெளிவாகவே, 2024 மே 24-ஆம் நாள் அரசரொப்புதல் பெற்ற சட்டத்தால், இன்ன காலத்து, இன்ன வகைக் குற்றத்திற்கு, இவ்வமைப்பிருந்த அஞ்சலகத்திற் பணிசெய்தார்மேல் விதித்த தீர்ப்புகளெல்லாம் தாமே அழிந்தனவெனப் பாராளுமன்றத்தார் விதித்தனர். மேல்முறையீட்டு மன்று ஆராய்ந்து உறுதிசெய்தவை மட்டும் புறம்பாக நின்றன. இச்சட்டத்தால் மெய்யாகவே களவுசெய்தான் ஒருவனும் விடுதலை பெறக்கூடும். அதனை அரசியலார் மறைக்கவில்லை. தெரிந்தே மிகைபடக்கூறினர். அவ்வழுவமைதியை யாம் குறைகூறேம்.

பொறி செவ்வனே இயங்கியதெனக் கொள்ளும் அவ்வழக்கை மாற்றலாமா என்று அந்நாட்டு நீதித்துறையார் 2025 ஜனவரியிற் பொதுமக்கள் கருத்தைக் கேட்டனர். எம்மைக் கேட்பாரில்லை, கேட்பின், பொறியை ஓட்டுபவனே அதன் வழுப்பட்டியலை முதற்கண் மன்றின்முன் வைத்தல் வேண்டும், அதன்பின்னரே எதிராளி வாய்திறக்கவேண்டும் என்போம். வழுப்பட்டியல் இல்லாத நிரல் உண்டோ என நண்பரை வினவினேம். இல்லையென்றார்.